வாங்கும்போது பூத்துக் குலுங்கும் ரோஜா, மூணே மாசத்துல கருகுவது ஏன்? வெயில், மழை, பனி... சீசன் வாரியாக என்ன செய்யணும்?

நர்சரியில் பார்க்கும்போது செடி முழுக்க பூ. ஆசையாக வாங்கி வந்து மாடியில் வைத்தால் முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போகும். அப்புறம் இலை மஞ்சளாகும். கிளை நுனி கறுக்கும். மூன்றாவது மாதம் தொட்டியில் வெறும் குச்சி மட்டும் நிற்கும். "நமக்கு ரோஜா கைராசி இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, அதே தொட்டியில் செம்பருத்தி வைத்துவிடுகிறவர்கள் நிறைய பேர்.

உண்மையில் கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: வருஷம் முழுக்க தினமும் ஒரே அளவு தண்ணீர், ஒரே உரம், ஒரே இடம். சீசன் மாறுகிறது, கவனிப்பு மட்டும் மாறுவதில்லை. மே மாத வெயிலில் செடியைக் காப்பாற்றிய அதே ஒரு வாளித் தண்ணீர், நவம்பர் மழையில் அதே செடியைக் கொன்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரோஜா வளர்ப்பு பற்றி இணையத்தில் தேடினால் கிடைக்கும் பல குறிப்புகள் இங்கிலாந்து, அமெரிக்கா மாதிரியான குளிர் நாடுகளுக்கானவை. அங்கே ரோஜாவின் முக்கிய எதிரி பனி. சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் கதையே வேறு. அந்தக் காலண்டரை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால் செடிக்கு ஆபத்துதான். நம்ம ஊர் சீசனுக்கு ரோஜாவை எப்படிப் பார்த்துக்கொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

நம்ம ஊர் ரோஜா தூங்குமா?

குளிர் நாடுகளில் ரோஜா குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உறங்கும். பனி விலகும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆழமாக வெட்டிவிடுவார்கள். வசந்தத்தில் துளிர்த்து, ஜூனில் பூக்கும்.

தமிழகச் சமவெளியில் அப்படி ஒரு குளிரே கிடையாது. சென்னையில் ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதனால் இங்கே ரோஜாவுக்கு இயற்கையான ஓய்வுக்காலம் இல்லை. தண்ணீரும் சத்தும் கிடைத்தால் 12 மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதற்குச் செடியின் பரம்பரையும் ஒரு காரணம். பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு முறைதான் பூத்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் கலப்பின ரோஜாக்களில் பரவியது. இன்று நர்சரிகளில் 'ஹைப்ரிட் டீ' என்று விற்கிறார்களே, பெரிய பூவும் நீண்ட காம்புமாக, அந்த வகையின் முதல் ரோஜாவாகக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' 1867-ல் பிரான்சில் உருவானது. அதன் வாரிசுகளுக்கும் இதே குணம்தான். புதுத் துளிர் வந்தால் அதன் நுனியில் பூ.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே ஓய்வு என்பது நாம் கவாத்து மூலம் கொடுப்பது. பூ என்பது புதுக் கிளையில் வருவது. செடிக்குச் சோதனையான காலம் குளிர்காலம் அல்ல. அக்னி வெயிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும்தான்.

எந்த ரோஜா தாங்கும்?

முதல்முறை வளர்ப்பவர்கள் பூவின் அழகை மட்டும் பார்த்து ஹைப்ரிட் டீ வாங்கிவிடுகிறார்கள். சமவெளி வெயிலில் அதற்குக் கவனிப்பு அதிகம் தேவை. நம்ம ஊர் பூக்கடைகளில் உதிரிப்பூவாக வரும் பன்னீர் ரோஸ், எட்வர்ட் ரோஸ், ஆந்திரா ரெட் போன்றவை வெப்பத்துக்குப் பழகியவை. கொத்துக் கொத்தாகப் பூக்கும் பட்டன் ரோஸும் தாங்கும். கை பழகும்வரை இவற்றில் ஒன்றோடு ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

எட்வர்ட் ரோஸுக்கு ஒரு சுவாரசியமான பின்னணி உண்டு. இது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவோடு தொடர்புடைய 'போர்பன்' ரோஜா வகையைச் சேர்ந்தது. அந்தத் தீவின் பழைய பெயர்தான் போர்பன். வெப்பமண்டலத் தீவின் சொந்தக்காரர் என்பதால் நம்ம வெயில் அதற்குப் புதிதல்ல.

வாங்கிய முதல் மாதம்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

நம்ம ஊருக்கு வரும் நர்சரிச் செடிகளில் பல, ஓசூர், பெங்களூரு பக்கமிருந்தோ ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்தோ வருபவை. இதமான காற்று, நிழல்வலை, நேரத்துக்குத் தண்ணீர், உரம் என்று செல்லமாக வளர்ந்தவை. அங்கிருந்து நேராகக் கொதிக்கும் மொட்டை மாடிக்கு வந்தால் செடி அதிர்ச்சியாகத்தான் செய்யும்.

வந்ததும் வராததுமாகப் பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து இந்த ஊர் காற்றுக்குப் பழக்குங்கள். மாற்றும்போது பெரும்பாலான செடிகளின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை ஒன்று இருப்பதைக் கவனிக்கலாம். அதை அப்படியே லேசான மண்கலவையில் புதைத்தால், ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி வழிந்து ஓடிவிடும். வெளியே ஈரம், உள்ளே வேர் காய்ச்சல். கவரைக் கிழித்து, உருண்டையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தில் இருக்கும் களிமண்ணை மட்டும் வேர் அறுபடாமல் மெதுவாக உதிர்த்துவிட்டு நடலாம்.

தொட்டி குறைந்தது 12 அங்குல அகலமும் ஆழமும் இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது கோகோபீட் ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இது போதும்.

அடுத்து ஒட்டுக்கட்டிய இடம். ஹைப்ரிட் ரோஜாக்கள் பெரும்பாலும் ஒரு காட்டு ரோஜா வேர்ச்செடியின் மேல் மொட்டு ஒட்டு முறையில் உருவானவை. தண்டின் அடியில் முடிச்சு மாதிரி தெரிவதுதான் அந்த இடம். குளிர் நாடுகளில் பனியிலிருந்து காப்பாற்ற இந்த முடிச்சை மண்ணுக்குள் புதைக்கச் சொல்வார்கள். இங்கே அதைச் செய்யக் கூடாது. முடிச்சு மண்ணுக்கு மேலே, காற்றுப் படும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் அங்கேதான் முதலில் அழுகும். வெளிநாட்டுக் குறிப்பு நம்ம செடிக்கு எப்படி எதிரியாகிறது என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

முடிச்சுக்குக் கீழிருந்து வேகமாக ஒரு கிளை கிளம்பினால் சந்தோஷப்படாதீர்கள். அது வேர்ச்செடியின் கிளை. விட்டுவைத்தால் மொத்தச் சத்தையும் அதுவே உறிஞ்சிவிடும். அடியோடு பிய்த்து எடுத்துவிட வேண்டும். "ஏழு இலை இருந்தா காட்டு ரோஜா, அஞ்சு இலைன்னா நல்ல ரோஜா" என்று சொல்வார்கள். அது எப்போதும் சரியாக வராது. நல்ல ரோஜாக்களிலேயே ஏழு சிற்றிலைகள் வருவது உண்டு. கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் சரியான அடையாளம்.

மார்ச் முதல் ஜூன் வரை: பூவை மறங்க, செடியைக் காப்பாத்துங்க

ரோஜாவுக்கு தினமும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்பது பொதுவான விதி. ஆனால் ஏப்ரல், மே மாத மொட்டை மாடிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. சூடான தளம், கைப்பிடிச் சுவரிலிருந்து திரும்பி அடிக்கும் அனல் எல்லாம் சேர்ந்து தொட்டி மண்ணையே சுட வைத்துவிடும். இலை வாடுவதற்கு முன்பே வேர் வெந்துபோகிறது. கறுப்பு நிறத் தொட்டியும் பையும் இன்னும் அதிகச் சூட்டை இழுக்கும்.

காலை வெயில் கிடைக்கட்டும். 11 மணிக்குப் பிறகு நிழல்வலை அல்லது சுவர் நிழல் இருக்கட்டும். தொட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் தொட்டிக்குக் கிடைக்கும். தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் அல்லது ஸ்டாண்டு மேல் வைக்கலாம். மண் மேல் காய்ந்த இலை, தேங்காய் நார், வைக்கோல் என ஏதாவது ஒன்றை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். இந்த மூடாக்கு தண்டை ஒட்டாமல் இருக்க வேண்டும்.

தண்ணீர் அதிகாலையில் ஊற்றுவது நல்லது. தொட்டியின் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். கடும் வெயிலில் மாலையிலும் ஒரு முறை தேவைப்படலாம். உச்சி வெயிலில் செடி வாடித் தெரிந்தால் பதறி தண்ணீர் ஊற்றுவதற்கு முன், விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது வெயிலுக்கான வாட்டம்தான். மாலையில் தானாக நிமிரும்.

கோடையில் பூ சின்னதாகும், நிறம் வெளிறும், இரண்டே நாளில் உதிரும். இது நோய் அல்ல, வெப்பத்தின் விளைவு. "பூ சின்னதா வருதே" என்று உரத்தைக் கொட்டினால், காய்ந்த மண்ணில் உப்புச் சேர்ந்து வேர்தான் கருகும். அக்னி நட்சத்திரக் காலத்தில் உரம் வேண்டாம், கவாத்து வேண்டாம், தொட்டி மாற்றமும் வேண்டாம். செடி ரொம்பத் திணறினால் வரும் மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். பூவுக்குப் போகும் சக்தி செடிக்கு மிச்சமாகும்.

இந்தச் சீசனின் வில்லன்கள் இரண்டு பேர். ஒன்று, செஞ்சிலந்தி. இலை மேல் பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் இதுதான். வறண்ட சூட்டில்தான் பெருகும் என்பதால், காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரிய அளவில் குறையும். இன்னொன்று, இலைப்பேன். மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பாகி நின்றால் சந்தேகப்படலாம். பாதித்த மொட்டுகளைப் பறித்து அப்புறப்படுத்திவிட்டு, வேப்ப எண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 மில்லி எண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: ஆடிக் காற்றும் அரைகுறை மழையும்

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்பது சும்மா சொன்னதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் கோவை, திருப்பூர் பக்கம் இதை நேரடியாகப் பார்க்கலாம். காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். மேகமூட்டமாக இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்தால் செடி காய்ந்துவிடும். உயரமான கிளைகளுக்குக் குச்சி கட்டி விடுங்கள். ஆடும் செடியின் வேர் மண்ணைப் பிடிக்காது.

வெயிலின் கடுமை குறைந்ததும் உரத்தை மறுபடி ஆரம்பிக்கலாம். ஒரு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மாதம் ஒரு முறை. கடலைப் புண்ணாக்கு பயன்படுத்துவதாக இருந்தால் சில நாள் ஊறவைத்துப் புளித்த கரைசலை, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். அப்படியே போட்டால் எறும்பும் பூஞ்சணமும்தான் வரும்.

காய்ந்த பூக்களை அப்படியே விடாதீர்கள். விட்டால் அது காயாகும், விதை உண்டாக்கத்தான் செடி சக்தியைச் செலவழிக்கும். பூ வாடியதும், அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் உள்ள முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் அந்தக் கணுவிலிருந்து அடுத்த துளிர் வரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: அதிகச் செடிகள் சாவது இப்போதுதான்

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. "மழைத்தண்ணி செடிக்கு நல்லதுதானே?" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நல்லதுதான். கோடை முழுக்க போர் தண்ணீர் விட்டுச் சேர்ந்த உப்பை மழை கழுவிவிடும். பிரச்சினை, வெளியேறாமல் தேங்கும் தண்ணீர். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் துளைகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் ஈரத்தில் நிற்கும் செடியும் வாடும். அந்த வாட்டத்தைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

மழை தொடங்கும் முன்பே செய்ய வேண்டியவை:

• தொட்டிக்கு அடியில் உள்ள தட்டுகளை எடுத்துவிடுங்கள்.
• வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள்.
• செங்கல் மேல் தொட்டியை ஏற்றுங்கள். தொட்டிகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள். கோடையில் நெருக்கி வைத்தோம். இப்போது அதற்கு நேர் எதிர்.
• கோடைக்காகப் போட்ட மூடாக்கை எடுத்துவிடுங்கள்.
• புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர் மேல் இருக்கும் தொட்டிகளை முதலில் கீழே இறக்குங்கள். செடிக்கு மட்டுமல்ல, தெருவில் நடப்பவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

இந்தச் சீசனின் முக்கிய நோய் கரும்புள்ளி. இலையில் ஓரம் சிதறிய கறுப்பு வட்டங்கள், சுற்றிலும் மஞ்சள், பிறகு உதிர்வு. இது ஒரு பூஞ்சை. இதன் வித்துகள் முளைத்துத் தொற்ற இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். அடைமழை இல்லாத நாள்களில்கூட, மாலையில் இலை மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் அந்த ஏழு மணி நேரத்தை நாமே கொடுப்பது மாதிரி. தண்ணீர் எப்போதும் மண்ணுக்கு, இலைக்கு அல்ல. புள்ளி விழுந்த இலைகளையும் தொட்டியில் உதிர்ந்து கிடப்பவற்றையும் பொறுக்கி வெளியே போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். அங்கிருந்து நோய் திரும்பி வரும்.

கவாத்து: எப்போ, எவ்வளவு, எப்படி?

சமவெளியில் ரோஜாவைக் கவாத்து செய்யும் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைக்காலமும் அதே மாதங்கள்தான். இதுதான் குழப்பத்துக்குக் காரணம். வெட்டிய இடத்தில் மழைநீர் இறங்கினால் நுனிக்கருகல் நோய் தொற்றும். நுனியில் தொடங்கி, கிளை கறுத்துக்கொண்டே கீழே இறங்கும் நோய் இது. அடித்தண்டுவரை போய்விட்டால் செடியைக் காப்பாற்ற முடியாது.

அதனால் தேதியைவிட வானத்தைப் பாருங்கள். ஒன்று, பருவமழை தொடங்கும் முன் அக்டோபர் முதல் வாரங்களில் முடித்துவிடலாம். இல்லையென்றால் மழை ஓயும் வரை காத்திருந்து, தொடர்ந்து சில நாள் வெயில் கிடைக்கும்போது செய்யலாம். வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுப்பது நல்லது.

எவ்வளவு வெட்டலாம்? குளிர் நாட்டு வீடியோக்களில் செடியை முழங்கால் உயரத்துக்குக் கீழே மொட்டையடிப்பார்கள். நம்ம ஊரில் ஓராண்டு தாண்டிய ஆரோக்கியமான செடிக்கு, போன சீசனில் வளர்ந்த கிளைகளைப் பாதி அளவுக்குக் குறைத்தால் போதும். ஒரு வருஷம் ஆகாத செடிக்கு நுனியை மட்டும் லேசாக. காய்ந்த, நோய் தாக்கிய, ஒன்றோடு ஒன்று உரசும் கிளைகளையும், பென்சிலைவிட மெல்லிய சோனிக் கிளைகளையும் முழுதாக எடுத்துவிடுங்கள். செடியின் நடுப்பகுதி திறந்து காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

வெட்டும் இடம், வெளிப்பக்கம் பார்த்திருக்கும் ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே. கத்தரி கூர்மையாக இருக்கட்டும். ஒவ்வொரு செடிக்கும் இடையில் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பகுதியின் நடுவே பழுப்பாகத் தெரிந்தால் நோய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக, பச்சை ஓரத்தோடு தெரியும்வரை இன்னும் கீழே வெட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவது பழைய, நம்பகமான வழி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை இது. உரக் கடைகளில் இதற்கு மாற்றாகத் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியும் கிடைக்கும்.

கவாத்து முடிந்த 45 நாள் வாக்கில் புதுக் கிளைகளில் பூ வரத் தொடங்கும். பொங்கலுக்கு வீட்டு ரோஜா வேண்டுமா? நவம்பர் கடைசியில் மழை விடும் நாளாகப் பார்த்து வெட்ட வேண்டும். ஓசூர் பகுதி விவசாயிகள் காதலர் தினத்துக்குப் பூ எடுப்பதும் இதே கணக்குதான். பிப்ரவரி 14-ல் இருந்து பின்னோக்கி எண்ணி, டிசம்பர் பிற்பாதியில் செடிகளைத் தயார் செய்வார்கள்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை: ரோஜாவின் பொற்காலம்

பகலில் மிதமான வெயில், இரவில் லேசான குளிர், மழையும் இல்லை. சமவெளியில் பெரிய பூ, ஆழ்ந்த நிறம், நல்ல வாசனை எல்லாம் கிடைப்பது இப்போதுதான். புதுச் செடி வாங்கவும், தொட்டி மாற்றவும் இதுதான் சரியான நேரம். கோடை வருவதற்குள் வேர் பிடிக்க இரண்டு, மூன்று மாதம் கிடைக்கும். ஏப்ரலில் வாங்கும் செடிக்கு அந்த அவகாசமே இல்லை.

பனிக்கும் ஒரு நோய் உண்டு. சாம்பல் நோய். இளந்துளிரிலும் மொட்டுக் காம்பிலும் மாவு தூவியது போல இருக்கும். இலை சுருளும். கரும்புள்ளிக்கு இலை நனைய வேண்டும். சாம்பல் நோய்க்கு அது தேவையில்லை. வறண்ட பகலும் ஈரப்பதமான இரவும் போதும். நனையும் கந்தகத் தூளை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து காலையிலோ மாலையிலோ தெளிக்கலாம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும் என்பதால் கோடையில் இதைத் தொடாதீர்கள். வேப்ப எண்ணெயையும் கந்தகத்தையும் அடுத்தடுத்த நாள்களில் தெளிப்பதும் இலைக்கு ஆபத்து. இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். குல்கந்து மாதிரி சாப்பிடுவதற்காக வளர்க்கும் பூக்களில் மருந்துகளைத் தவிர்ப்பது நல்லது.

ஊட்டி, கொடைக்கானலில் ஏன் வேறு காலண்டர்?

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அங்கே வருஷக் கடைசியில் கவாத்து செய்து துளிர் வந்தால் பனியில் கருகிவிடும். எனவே பனி விலகும் நேரமாகப் பார்த்துக் கவாத்து, ஏப்ரல், மே கோடை சீசனில் பூ என்பதுதான் மலைப்பகுதியின் கணக்கு. 1995-ல் தொடங்கப்பட்ட ஊட்டி அரசு ரோஜா பூங்கா மே மாதக் கண்காட்சியின்போது பூத்துக் குலுங்குவதற்கு இந்தத் திட்டமிடல்தான் காரணம். எல்க் மலைச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தப் பூங்காவுக்கு, உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 2006-ல் சிறந்த தோட்டத்துக்கான விருது கொடுத்தது. சரிவான நிலம் என்பதால் அங்கே மழைநீர் தேங்குவதில்லை என்பதையும் கவனிக்கலாம்.

மே மாதம் ஊட்டிக்குச் சுற்றுலா போய், அங்கே பூத்து நிற்கும் செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, அதே வாரம் சென்னை வெயிலில் வைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

முட்டை ஓடு, டீத்தூள், வாழைப்பழத் தோல்... வேலை செய்யுமா?

முட்டை ஓடு: இதில் இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. கரைய ரொம்ப நாளாகும். ரோஜா லேசான அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும். பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பும் காரத்தன்மையுமாக இருப்பதால், கூடவே முட்டை ஓட்டையும் சேர்ப்பதால் பெரிய லாபம் இல்லை. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், பெரும்பாலும் மண்ணின் காரத்தன்மையால் வரும் இரும்புச்சத்துப் பற்றாக்குறை.

டீத்தூள்: பால், சர்க்கரை போகக் கழுவி, காயவைத்து, மக்கவைத்துப் போட்டால் நல்லது. வடிகட்டியதும் நேராகத் தட்டினால் எறும்பு வரும், மண்ணின் மேல் இறுகிப் படியும்.

வாழைப்பழத் தோல்: பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் மக்கினால்தான் செடிக்குக் கிடைக்கும். தண்டைச் சுற்றிப் புதைத்தால் கொசுறு ஈக்கள்தான் மிஞ்சும்.

மொத்தத்தில் இவையெல்லாம் உரத்தொட்டியில் மக்கிய பிறகு போக வேண்டியவை. எந்த 'ரகசிய உர'மும் தப்பான சீசனில் வைத்த செடியைக் காப்பாற்றாது.

ஒரே பார்வையில்

ஜனவரி, பிப்ரவரி: புதுச் செடி, தொட்டி மாற்றம், மாதம் ஒரு முறை உரம். சாம்பல் நோயைக் கவனிக்கவும்.

மார்ச் முதல் ஜூன் வரை: மதிய நிழல், மூடாக்கு, காலைத் தண்ணீர். உச்ச வெயிலில் உரம், கவாத்து இல்லை. செஞ்சிலந்தியைக் கவனிக்கவும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: குச்சி கட்டுதல், மீண்டும் உரம், வாடிய பூ நீக்கம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடிகால், இடைவெளி, உலர்ந்த நாளில் கவாத்து. கரும்புள்ளி, நுனிக்கருகலைக் கவனிக்கவும்.

தூக்கிப் போடும் முன் ஒரு நிமிஷம்

இலையெல்லாம் கொட்டிய ரோஜா செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்டின் அடிப்பகுதியில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கறுத்த கிளைகளைப் பச்சை வரும்வரை வெட்டுங்கள். செடியை நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மண் சேறாக இருந்தால் புதுக் கலவைக்கு மாற்றி, அழுகிய வேர்களை நீக்குங்கள். உரம் எதுவும் போடாமல், மேல்மண் காயும்போது மட்டும் தண்ணீர் விட்டு மூன்று, நான்கு வாரம் பொறுங்கள்.

ஆனால் துளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒட்டு முடிச்சுக்கு மேலே வந்தால் நீங்கள் வாங்கிய ரோஜா பிழைத்துவிட்டது. கீழே மட்டும் வந்தால் பிழைத்தது வேர்ச்செடி மட்டும்தான்; உங்கள் பூ அதில் வராது. அப்படியானால் அடுத்த செடியை வாங்க ஜனவரி வரை பொறுங்கள்.